கண்ட மனிதரும் படைத்த மாந்தரும்

சிறந்த நாவலொன்றைப் படித்து முடித்தவர் பலரும் கேட்கும் வினா ஒன்று உண்டு. "இந்தப் பாத்திரம் உண்மையில் யார்?" என்பதே அது. ஆசிரியர் தம் ஊரிலோ உறவிலோ கண்ட ஒருவரையே எழுதியிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் படிப்போர்க்கு எளிதில் தோன்றிவிடுகின்றது. எழுதப் புகும் இளைஞரும் இவ்வெண்ணத்துக்கு விலக்கானவரல்லர். தாம் எழுதிய கதையில் வரும் ஒருவரைக் குறித்து, "இப்படியும் ஒருவர் இருப்பாரா?" என்று எவரேனும் ஐயுற்றால், "ஐயா, இவர் எங்கள் ஊரில் இருக்கிறார், இது உண்மையாக நடந்தது" என்று விடை கூறுவர். அவ்விடையோடு வழக்கு முடிந்துவிட்டது என்பது அவர் துணிபு.

வழக்கு அவ்விடத்தில் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகின்றது. ஒருவர் உலகில் இருப்பது ஒன்று. கதையில் இருப்பது வேறொன்று. உலகில் இருப்பவரை நாம் நம்பவேண்டியதில்லை. அவர் நம் கண்முன் நடமாடுகின்றார், அவ்வளவே. கதையில் இருப்பவரோ நம் நம்பிக்கையினாலன்றி ஒரு கணமும் உயிர்வாழ மாட்டார். ஆதலின், உலகில் கண்ட மனிதரைக் கதையின் மாந்தராக்குவது எங்ஙனம், அங்ஙனம் ஆக்குமிடத்து எழுத்தாளர் கலைக்கும் மனிதருக்கும் எவ்வெக் கடன்களை இறுக்க வேண்டியவராகின்றார் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வேறுபாட்டை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். கிரேக்க நாட்டு அரிஸ்டோட்டில் தமது கவிதையியலில், நடந்ததைக் கூறுவது வரலாறு என்றும் நடக்கத்தக்கதைக் கூறுவது கவிதை என்றும் பிரித்தார். நடந்தது என்ற ஒரு காரணத்தால் மட்டும் ஒன்று கவிதைக்கு உரிய பொருளாகிவிடாது என்பது அவர் கொள்கை. தொல்காப்பியரோ உலகியல் வழக்கு, நாடக வழக்கு என்னும் இரண்டையும் சேர்த்தே அகப்பாட்டின் நெறியை வகுத்தார். உலகியல் இல்லாத பாட்டு வேர் இல்லாத மரம். நாடக வழக்கு இல்லாத பாட்டு வெறும் ஊர்ச் செய்தி. இவ்விரண்டும் கலக்கும் இடத்திலேயே மாந்தர் பிறக்கின்றனர். அக்கலப்பு நிகழும் முறையை இரண்டொரு பேராசிரியர்களின் நாவல்களிற் காண்போம்.

ஆங்கில நாவலாசிரியருள் சாள்ஸ் டிக்கன்ஸைப் போலத் தாம் கண்ட மனிதரைத் துணிந்து எடுத்தாண்டவர் சிலரே. அவருடைய தந்தையார் ஜோன் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். இனிய பேச்சும் தாராள மனமும் உடையவர். வரவுக்குள் செலவை அடக்கும் ஆற்றல் மட்டும் இல்லாதவர். ரொட்டி விற்பவர் ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய 40 பவுண் 10 ஷிலிங் கடனுக்காக 1824ஆம் ஆண்டு இலண்டனில் இருந்த மார்ஷல்சீ என்னும் கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டார். அக்காலத்திற் பன்னிரண்டு வயதுச் சிறுவராக இருந்த டிக்கன்ஸ், காலணி மை செய்யும் பண்டசாலை ஒன்றில், வாரத்துக்கு ஆறு ஷிலிங் கூலிக்கு மைப்புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். இந்தக் காலத்தின் வடு அவர் நெஞ்சைவிட்டு நீங்கவேயில்லை.

கால் நூற்றாண்டு கழிந்தபின், 1849-50ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'டேவிட் கொப்பர்பீல்ட்' என்னும் நாவலில் அத்தந்தை மிக்கோபர் என்னும் பாத்திரமாகத் தோன்றினார். எப்பொழுதும் கடன், எப்பொழுதும் நம்பிக்கை. ஏதோ ஒரு நல்வாய்ப்பு இன்றோ நாளையோ வந்து வாய்க்கும் என்னும் காத்திருப்பு. சிறைக்குத் தம்மைக் காண வந்த சிறுவனுக்கு வரவுக்குமேற் செலவிடுவோர் அடையும் துன்பத்தைக் கணக்கிட்டு விளக்கிக் கண்ணீர் விடுகின்றார் மிக்கோபர். விளக்கிய உடனேயே அச்சிறுவனிடம் ஒரு ஷிலிங் கடன் வாங்கி மது வருவித்து மகிழ்ச்சி அடைகின்றார். அவ்வறிவுரை மெய்யான தந்தை மெய்யான சிறையில் மெய்யான மகனுக்குக் கூறியதே. எனினும் மிக்கோபர் ஜோன் டிக்கன்ஸ் அல்லர். ஏன் அல்லர் என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

முதலாவதாக, மிக்கோபர் டேவிட்டின் தந்தை அல்லர். அவன் தங்கியிருக்கும் வீட்டின் தலைவர் மட்டுமே. உறவில் நேர்ந்த இந்த ஒரு மாற்றம் சிறிய மாற்றமன்று. பன்னிரண்டு வயது மகனைப் பண்டசாலைக்கு அனுப்பிய தந்தையைக் கண்டு எவரும் நகைக்க இயலாது. அவன்மேற் கடமை எதுவும் இல்லாத அயலார் ஒருவரின் ஊதாரித்தனத்தைக் கண்டு நகைக்கலாம். தந்தைமை என்னும் பாரத்தை அப்பாத்திரத்தின் தோளிலிருந்து இறக்கிவைத்த பின்னரே, அத்தந்தையிடம் தாம் உள்ளூர விரும்பிய இனிமைக்கு டிக்கன்ஸால் உருவம் கொடுக்க முடிந்தது. கண்ட மனிதரிடமிருந்து ஆசிரியர் எதனை எடுத்தார் என்பதினும் எதனை எடுக்காது விட்டார் என்பதே பாத்திரத்தின் பிறப்புக்குக் காரணமாயிற்று.

இரண்டாவதாக, டிக்கன்ஸின் இளமைத் துயரை அவர் வாழ்ந்த காலத்தில் வாசகர் அறிந்திலர். 1870இல் அவர் காலமான பின்னர், நண்பர் ஜோன் போஸ்ரர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வாயிலாகவே சிறையும் பண்டசாலையும் உலகுக்குத் தெரியவந்தன. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே மிக்கோபரை மக்கள் நம்பிவிட்டனர். அவரைத் தம் அயல்வீட்டுக்காரர்போலக் கண்டு மகிழ்ந்துவிட்டனர். பாத்திரம் நம்பத்தக்கதாவதற்கு மூலமனிதரைப்பற்றிய அறிவு சிறிதும் வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அதே நாவலின் இறுதியில் மிக்கோபர் ஆஸ்திரேலியா சென்று நீதிவானாக உயர்கின்றார். இம்முடிவைப் பலரால் முழுமனத்தோடு ஏற்க இயலவில்லை. குடியேற்ற நாடுகளுக்குச் சென்று வாழ்வு திருந்தியவர் உலகில் இல்லாமல் இல்லை. ஆனால் நாம் எண்ணூறு பக்கங்களாகப் பழகிய மிக்கோபரிடம் அந்தத் திருத்தத்துக்குரிய வித்து எங்கும் தூவப்படவில்லை. நடக்கக்கூடியதாயினும் அவருக்கு நடக்கத்தக்கதன்று. வாழ்க்கை தன் செயல்களுக்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டதன்று, கதை கடமைப்பட்டது.

அத்தந்தையே மீண்டும் ஒருமுறை டிக்கன்ஸின் எழுத்தில் தோன்றுகின்றார். ஜோன் டிக்கன்ஸ் 1851இல் இறந்தார். 1855-57இல் வெளிவந்த 'லிற்றில் டொரிற்' நாவலின் வில்லியம் டொரிற் அதே மார்ஷல்சீயில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடப்பவர். சிறையின் தந்தை என்று பிறர் அழைப்பதைப் பெருமையாக ஏற்பவர். வருவோர் தரும் சில்லறைக் காசைக் காணிக்கைபோல வாங்குபவர். மகளின் உழைப்பில் உண்டு, அவ்வுழைப்பை அறியாதவர்போல நடிப்பவர். பெருஞ்செல்வம் வந்து விடுதலை பெற்ற பின்னும் சிறை அவரைவிட்டு விலகவில்லை. உரோமாபுரியில் நடக்கும் ஒரு பெருவிருந்திலே அவர் அறிவு தடுமாறுகின்றது. உயர்குல விருந்தினரைச் சிறைக்கு வந்தோராக எண்ணி வரவேற்றுப் பேசத் தொடங்குகின்றார். படிப்போர் நெஞ்சு நடுங்கும் இடம் அது.

ஒரே மனிதர், ஒரே சிறை, இரு மாந்தர். ஒருவர் நகைச்சுவையின் உச்சி, மற்றவர் அவலத்தின் ஆழம். மிக்கோபரில் நீக்கப்பட்ட தந்தைமை டொரிற்றில் மீண்டும் வந்து சேர்ந்தது, நகைப்பு நீங்கியது. மூலமனிதரே பாத்திரமாயின் ஒருவரிலிருந்து இவ்வளவு வேறுபட்ட இருவர் எவ்வாறு தோன்றியிருப்பர்? மூலமனிதர் களிமண் போன்றவர். குடமும் அகலும் அம்மண்ணில் இல்லை. குயவன் கையில் உள்ளன.

இனி ருஷிய நாட்டுக்குச் செல்வோம். தோல்ஸ்தோய் வாழ்ந்த ஊருக்கு அண்மையில், 1872ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், அன்னா என்னும் பெயருடைய ஒரு பெண் புகையிரதத்தின்கீழ் வீழ்ந்து உயிர்நீத்தாள். அயலில் வாழ்ந்த நிலவுடைமையாளர் ஒருவரோடு கூடி வாழ்ந்தவள் அவள். அவர் வேறொருத்தியை நாடியமையே அவள் முடிவுக்குக் காரணம். தோல்ஸ்தோய் நேரிற் சென்று அவ்வுடலைக் கண்டார். அடுத்த ஆண்டில் 'அன்னா கரீனினா' நாவலை எழுதத் தொடங்கினார். 1875ஆம் ஆண்டு முதல் அது தொடராக வெளிவந்தது.

இறந்த பெண்ணிடமிருந்து நாவலின் நாயகிக்குக் கிடைத்தவை எவை? பெயரும் சாவும் மட்டுமே. வாழ்க்கை அவளுடையதன்று, குலம் அவளுடையதன்று, தோற்றமும் அவளுடையதன்று. கருங்கூந்தற் சுருள்களோடு கூடிய அத்தோற்றத்தைக் கவிஞர் புஷ்கினின் மகளொருவரிடம் தோல்ஸ்தோய் கண்டார் என்பர். தொடக்க வரைவுகளில் நாயகி கவர்ச்சி குறைந்தவளாகவும் கணவரே இரக்கத்துக்கு உரியவராகவும் அமைந்திருந்தனர். எழுத எழுத அவள் வளர்ந்தாள். ஆசிரியர் அவளைத் தீர்ப்பிட எண்ணித் தொடங்கினார், விளங்கிக்கொண்டு முடித்தார்.

நாவலின் முடிவை நினைவுகூர்க. வண்டித்தொடர் நெருங்குகின்றது. அன்னா வீழ எண்ணிய கணத்தில், கையிலிருந்த சிறு சிவப்புப் பையைக் கழற்றுவதிற் சிக்கல் நேர, முதற்பெட்டி கடந்துபோய்விடுகின்றது. அவள் அடுத்த பெட்டிக்குக் காத்திருக்கின்றாள். நீராடப் புகுமுன் தோன்றும் உணர்வு போன்ற ஓர் உணர்வு அவளுக்கு எழுகின்றது. சிலுவைக் குறி இடுகின்றாள். இறுதிக் கணத்தில் எழுந்துவிட முயல்கின்றாள். புகையிரத நிலையத்திற் கிடந்த உடல் இவற்றுள் ஒன்றையும் தோல்ஸ்தோய்க்குக் கூறியிருக்க முடியாது. உடல் என்ன நடந்தது என்பதைக் காட்டிற்று. ஏன் நடந்தது, எவ்வாறு நடந்தது, அக்கணத்தில் அவள் உள்ளம் எங்கே இருந்தது என்பவற்றைக் காண அவர் தம் உள்ளத்தையே தோண்ட வேண்டியதாயிற்று. அந்தச் சாவுக்குத் தகுந்த ஒரு வாழ்வைத் தேடி எழுதியதே அப்பெருநாவல் எனலாம்.

1927ஆம் ஆண்டு நாவலின் கூறுகளைப்பற்றிய விரிவுரைகளை வெளியிட்ட ஈ. எம். போஸ்ரர் இவ்விடத்துக்குப் பொருந்தும் ஒரு கருத்தைக் கூறினார். உலகில் நாம் ஒருவரையொருவர் முழுமையாக அறிவதில்லை; புறக்குறிகளைக்கொண்டு உய்த்துணர்கின்றோம். நாவல் மாந்தரையோ ஆசிரியர் முழுமையாக அறிவார். அவ்வறிவே அவர்களுக்கு உண்மைத்தன்மையை அளிக்கின்றது என்பது அவர் கூற்றின் சாரம். ஆகவே, கண்ட மனிதரை எழுதுவோர் எதிர்கொள்ளும் இடையூறு அவரைப்பற்றிய செய்தி குறைவாக இருப்பதன்று. புறச்செய்தி நிறைய இருப்பதால், அகத்தைத் தேடவேண்டிய தேவை எழுத்தாளருக்குத் தோன்றாமற் போவதே பெரும் இடையூறு. நடை, உடை, பேச்சு, மூக்குப்பொடி போடும் விதம் யாவும் அச்சொட்டாக அமைந்திருக்கும். மனிதர் மட்டும் அங்கே இருக்கமாட்டார்.

செய்திக் குறைவு சிலபோது நன்மையாகவே முடிவதுண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் வாசகர் நெஞ்சை முதலிற் கவர்பவன் வந்தியத்தேவனே. வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் எனத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டால் அறிகின்றோம். அவர் குணம் யாது, நகைப்பாரா, அஞ்சுவாரா என்பவற்றைக் கல்வெட்டுக் கூறாது. அந்த வெற்றிடத்திலேதான் கல்கி அவசரமும் குறும்பும் துணிவும் கலந்த ஓர் இளைஞனைப் படைத்தார். அருள்மொழிவர்மனோ பிற்காலத்து இராசராசனாகப் புகழ்கொண்டவன். அப்புகழுக்கு இழுக்கு நேராதவாறு காக்கவேண்டிய கடமை ஆசிரியர் கையைப் பிடித்துக்கொண்டது. ஆதலின் அவன் வணங்கத்தக்கவனாக விளங்கும் அளவுக்கு நாம் பழகத்தக்கவனாக விளங்கவில்லை.

இதுவரை கலைக்குரிய கடனைக் கூறினோம். மனிதருக்குரிய கடன் ஒன்றும் உண்டு. அதனைப் புறக்கணித்து இப்பொருளைப் பேசுவது நேர்மையாகாது.

'டேவிட் கொப்பர்பீல்ட்' தொடராக வந்துகொண்டிருந்தபோது மிஸ் மௌச்சர் என்னும் குள்ளமான பெண் ஒருத்தி அதிலே தோன்றினாள். வாயாடியாகவும் தீச்செயலுக்குத் துணைபோகக் கூடியவளாகவும் அவள் அறிமுகமானாள். டிக்கன்ஸின் அயலில் வாழ்ந்த, அதே உடற்குறையும் அதே தொழிலும் உடைய ஒரு பெண்மணி அதனைப் படித்துத் தம்மைக் கண்டுகொண்டார். தாம் பிறந்த உடலைப் பழிக்கு இலக்காக்கியது தகுமோ என்று 1849ஆம் ஆண்டு இறுதியில் ஆசிரியருக்கு எழுதினார். டிக்கன்ஸ் வருந்தினார், பாத்திரத்தை நல்லவளாக மாற்ற உடன்பட்டு, சொன்னபடியே மாற்றினார். மீண்டும் தோன்றும் மிஸ் மௌச்சர் தன் நல்லியல்பைத் தானே எடுத்துரைக்கின்றாள். ஈற்றில் ஒரு குற்றவாளியைப் பிடித்தும் கொடுக்கின்றாள். மனிதருக்குரிய கடன் தீர்ந்தது. ஆனால் பாத்திரம் இரண்டாகப் பிளந்துபோயிற்று. முதலில் வந்தவளும் பின்னர் வந்தவளும் ஒருத்தியே என்று நம்புதல் அரிது.

ஸ்கிம்போலின் கதை இதனினும் சிக்கலானது. 1852-53இல் வெளிவந்த 'பிளீக் ஹவுஸ்' நாவலில் ஹரல்ட் ஸ்கிம்போல், தாம் ஒரு குழந்தை, பணத்தைப்பற்றி ஒன்றும் அறியாதவர் என்று இனிமையாகப் பேசிப் பிறர் பணத்தில் வாழ்பவர். அவருடைய பேச்சின் சாயல் கவிஞரும் கட்டுரையாளருமான லீ ஹண்டின் சாயல். ஹண்ட் கீற்ஸின் திறமையை இளமையிலேயே உணர்ந்து ஊக்கியவர், இளவரசரைக் கண்டித்து எழுதியதற்காக 1813 முதல் இரண்டாண்டு சிறையிருந்தவர், டிக்கன்ஸுக்கு நண்பர். அவர் வறுமைக்கு உதவ 1847இல் நாடகம் நடத்திப் பணம் திரட்டியவரும் டிக்கன்ஸே. நண்பர்கள் எச்சரிக்க, லெனார்ட் என்று இட்ட பெயரை ஹரல்ட் என மாற்றினார். படத்திலும் உருவத்தை வேறாக்குவித்தார். ஆயினும், சொற்களால் தீட்டிய உருவங்களுள் இதனைப்போல அச்சொட்டானது வேறில்லை என்ற கருத்துப்பட ஒரு கடிதத்திற் பெருமையும் கொண்டார்.

ஸ்கிம்போல் நோயுற்ற ஏழைச் சிறுவன் ஒருவனைக் கையூட்டு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுக்கின்றார். இச்செயல் ஹண்ட் செய்ததன்று, ஆசிரியர் புனைந்தது. பேச்சு ஹண்டினுடையதாகவும் குற்றம் புனைவாகவும் இருக்க, உலகம் இரண்டையும் சேர்த்து ஹண்டின் தலையில் ஏற்றியது. 1859இல் ஹண்ட் இறந்தபின், தாம் நண்பரின் பேச்சழகை மட்டுமே எடுத்ததாகவும் குற்றங்கள் அவருடையனவல்ல என்றும் டிக்கன்ஸ் தமது சஞ்சிகையில் விளக்கம் எழுதினார். அவ்விளக்கத்தைப் படிக்க ஹண்ட் உயிரோடு இல்லை. ஸ்கிம்போலோ இன்றும் உயிரோடிருக்கின்றார், நம்பத்தக்கவராகவே இருக்கின்றார். கலையிலே குறை காணமுடியாத ஓரிடத்தில், மனிதருக்கு இழைத்த தீங்கு தீராத கடனாக நின்றுவிட்டது.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகின்றேன். மாணவனாக இருந்த காலத்தில் நண்பர் சிலர் சேர்ந்து நடத்திய கையெழுத்துச் சஞ்சிகையில் நானும் ஒரு கதை எழுதினேன். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். செத்தவீடு எங்கே நடந்தாலும் அங்கே சென்று, பந்தலின் ஒரு மூலையில் அமர்ந்து வேடிக்கைக் கதைகள் சொல்லி இருப்போரைச் சிரிக்கவைப்பார். பிறர் துயரத்தை அறியாத கல்நெஞ்சராக அவரை எழுதினேன். பெயரை மாற்றியிருந்தேன், ஆனால் ஊரார் எல்லோரும் கண்டுகொண்டனர். சஞ்சிகை எப்படியோ அவர் கைக்கும் எட்டியது. ஒருநாள் ஒழுங்கையில் என்னைக் கண்டு நிறுத்தி, "தம்பி, நான் சிரிப்பிச்சதெல்லாம் வலு சரியாய் எழுதியிருக்கிறாய். ஏன் சிரிப்பிச்சனான் எண்டு என்னை ஒருக்கால் கேட்டிருக்கலாமே" என்றார். கோபம் இல்லாமல் அவர் அதனைக் கூறியதே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

நான் அவரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்டுக்கொள்ளவில்லை. கதை தோற்றதற்கும் அவர் மனம் நொந்ததற்கும் காரணம் ஒன்றே. ஏன் என்ற வினாவை நான் எழுப்பவில்லை. அதனை எழுப்பியிருந்தால் ஒருவேளை அவரைவிட்டு வெகுதூரம் சென்று, ஊரார் எவரும் அடையாளம் காணமுடியாத ஒரு மனிதரைப் படைத்திருப்பேன். அம்மனிதர் உண்மையானவராகவும் இருந்திருப்பார்.

அகப்பாட்டில் வருவோரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியர் விதித்ததன் பெருமை இப்பொழுது விளங்கும். நெடுநல்வாடையில் வேம்பினால் வேந்தன் பாண்டியன் என்பது குறிப்பாகப் புலப்படுகின்றமையின் அது புறமாயிற்று என்று நச்சினார்க்கினியர் கொண்டார். பெயர்கூட வேண்டாம், ஓர் அடையாளமே போதும். அடையாளம் தெரிந்த உடனே படிப்போர் மனம் உணர்வைவிட்டு ஆளிடம் சென்றுவிடுகின்றது. இன்னார் என்று தெரியாதவிடத்து அத்தலைவியின் துயர் நம் துயராகின்றது. பெயரின்மை அங்கே குறையன்று. எல்லோரும் நுழைவதற்குத் திறந்துவைத்த வாயில். புறமும் வரலாறும் பெயர்களை வேண்டி நிற்பன. அவற்றுக்கு அது தகும். உள்ளத்தின் கதைக்கு இவ்விதியின் உயிர்ப்பொருள் இன்றும் தேவைப்படுகின்றது.

எனவே நம் கல்லூரியில் எழுதப் பழகும் மாணவர்க்குக் கூறத்தக்கது இதுவே. கண்ட மனிதரை அஞ்சாது எடுங்கள். அவரையன்றி எழுத்தாளருக்கு வேறு முதல் இல்லை. ஆனால் ஒரு பேச்சையோ, ஒரு செயலையோ, ஒரு பார்வையையோ மட்டும் வித்தாக எடுங்கள். அதன் காரணத்தை உங்கள் உள்ளத்திலே தேடுங்கள். உறவை மாற்றிப் பாருங்கள். அவரை வேறொரு சூழலில் நிறுத்தி, அங்கே அவர் யாது செய்வார் என்று உசாவுங்கள். நீங்கள் எழுதியதை மூலமனிதர் படித்தால் தம்மைக் காணாமல், தம்மை ஒத்த வேறொருவரைக் கண்டு இரங்குவாராயின் இரு கடன்களும் ஒருங்கே தீர்ந்தன என்று கொள்ளலாம்.

"இது நடந்தது" என்று எழுத்தாளர் எழுந்துநின்று சாட்சி கூறவேண்டிய கதை தோற்ற கதை. நல்ல கதையில் அச்சாட்சியைப் படிப்பவரே கூறுவார்.